பச்சை, மஞ்சள், சிவப்பு: மைக்ரோலைஃப் க்ரேடில் வி.எஸ்.ஏ. பி.பி. கருவி

பி.பி. பார்க்கும் கருவிகள் எண்ணைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். திரையில் 146/94 என்று வரும். அது பயப்பட வேண்டிய எண்ணா, எழுதி வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டிய எண்ணா என்பது பார்ப்பவர் பாடு. கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்ற பெண்களையும் மனத்தில் வைத்து உருவான மைக்ரோலைஃப் நிறுவனத்தின் க்ரேடில் வி.எஸ்.ஏ. எண்களோடு சேர்த்து ஒரு விளக்கையும் எரியவிடுகிறது. பச்சை என்றால் இப்போதைக்குப் பரவாயில்லை. மஞ்சளும் சிவப்பும் அம்புக்குறியோடு வரும். அம்பு மேலே பார்த்தால் ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. கீழே பார்த்தால் உடம்பு ரத்தத்தை இழந்தோ நோய்த்தொற்றாலோ ஷாக் நிலைக்கு, அதாவது உறுப்புகளுக்கு ரத்தம் போதாத நிலைக்கு, போய்க்கொண்டிருக்கிறது.

லண்டன் கிங்ஸ் கல்லூரியில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியரான ஆண்ட்ரூ ஷென்னன் தலைமையிலான குழு மைக்ரோலைஃபுடன் சேர்ந்து உருவாக்கியது இது. க்ரேடில் என்பது ஆய்வுத் திட்டத்தின் பெயர்ச் சுருக்கம். தொட்டில் என்ற அர்த்தம் வருவதற்காகவே எழுத்துகளைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2023ஆம் ஆண்டில் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் இறந்த பெண்கள் சுமார் 2,60,000 பேர். நேரடிக் காரணங்களில் முதலிரண்டு இடங்கள் உதிரப்போக்குக்கும் ரத்தக்கொதிப்புக்கும். இரண்டுமே வலிப்பாகவோ மயக்கமாகவோ வெளியே தெரிவதற்கு முன்பே பி.பி.யிலும் நாடியிலும் தடம் காட்டக்கூடியவை. அந்தத் தடத்தைப் படிக்கும் வேலையைத்தான் இந்தக் கருவி எடுத்துக்கொள்கிறது.

விளக்கு எந்தக் கணக்கில் எரிகிறது என்று தெரிந்துகொள்ளாமல் இதை நம்பவும் கூடாது, ஒதுக்கவும் கூடாது. மேல் அம்புக்கான கணக்கு எளிது. மேல் அழுத்தம் 140 அல்லது கீழ் அழுத்தம் 90ஐத் தொட்டால் மஞ்சள். 160 அல்லது 110ஐத் தொட்டால் சிவப்பு. இரண்டில் ஒன்று எல்லையைத் தாண்டினாலே போதும். 138/92 என்று வந்தால் மேல் எண்ணைப் பார்த்து நிம்மதியடைகிறவர்கள் நிறைய, கருவி அடைவதில்லை.

கீழ் அம்புக்கு ஷாக் இண்டெக்ஸ் என்ற விகிதம். நாடித்துடிப்பை மேல் அழுத்தத்தால் வகுத்தால் கிடைப்பது. 0.9க்குக் கீழே இருந்தால் பச்சை, 0.9லிருந்து மஞ்சள், 1.7லிருந்து சிவப்பு. 118/76, நாடி 112 என்று ஒரு பெண்ணுக்கு வருகிறது என்று வையுங்கள். வழக்கமான கருவியில் இது அழகான பி.பி. 112ஐ 118ஆல் வகுத்தால் 0.95, இங்கே மஞ்சள் விளக்கு கீழ் அம்போடு எரியும். பிள்ளை பெற்று ஒரு மணி நேரம் ஆன பெண் என்றால், போர்வையை விலக்கித் துணியைப் பார்க்கச் சொல்லும் விளக்கு அது. கர்ப்பத்தில் உடம்பிலுள்ள ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் கூடிவிடுகிறது. அதனால் லிட்டர் கணக்கில் ரத்தம் போன பிறகும் பி.பி. தாக்குப்பிடித்து நிற்கும், முதலில் ஓடத் தொடங்குவது நாடி. பி.பி. விழுந்த பிறகுதான் ஓடி வருவது என்றால் பாதி நேரம் போய்விட்டிருக்கும். இந்த விகிதத்தை மனக்கணக்காகப் போட்டுக்கொண்டிருக்க நள்ளிரவுப் பிரசவ வார்டில் யாருக்கும் அவகாசம் கிடையாது. கருவியின் மிகப் பெரிய பலம் இந்த வகுத்தல்தான் என்பது எங்கள் கருத்து. மேல் அம்பைவிடக் கீழ் அம்புக்கு மதிப்பு அதிகம்.

இரண்டாவது பலம், எண் சரியாக இருப்பது. தானியங்கி பி.பி. கருவிகள் ஸ்டெதாஸ்கோப்பைப் போல ஒலியைக் கேட்பதில்லை. கைப்பட்டை தளரும்போது ரத்தக்குழாய் அதிர்வதை அளந்து, தயாரிப்பாளரின் சொந்தச் சூத்திரத்தால் எண்ணாக மாற்றுகின்றன. அந்தச் சூத்திரம் யாருடைய உடம்பை வைத்துத் தீட்டப்பட்டது என்பதுதான் கேள்வி. கர்ப்பத்தில் பி.பி. ஏறி உறுப்புகளைப் பாதிக்கும் முன்சூல்வலிப்பு, அதாவது ப்ரீஎக்லாம்ப்சியா உள்ள பெண்ணின் ரத்தக்குழாய்ச் சுவரின் நெகிழ்வு மாறியிருக்கும், திசுக்களில் நீர் கோத்திருக்கும். அதிர்வின் வடிவமே வேறாகிவிடும். பொதுமக்களிடம் சரியாக அளக்கும் பல கருவிகள் இவர்களிடம் குறைத்துக் காட்டுகின்றன. உண்மையில் 162 இருக்கும் இடத்தில் 150 காட்டினால் அது சிறு பிழை ஆகாது. ஊசி போட வேண்டிய பெண்ணை வீட்டுக்கு அனுப்பும் பிழை.

2018இல் வந்த சர்வதேசச் சோதனை விதியின்படி ஒரு பி.பி. கருவியைக் குறைந்தது 85 பேரிடம் சோதிக்க வேண்டும். சராசரி வித்தியாசம் 5 மி.மீ. பாதரசத்துக்குள்ளும், சிதறல், அதாவது வித்தியாசங்கள் அந்தச் சராசரியிலிருந்து விலகும் அளவு, 8க்குள்ளும் இருக்க வேண்டும். ஆணும் பெண்ணும் தலா 30 சதவீதமாவது இருக்க வேண்டும் என்கிறது விதி. கர்ப்பிணிகள் அந்த 85இல் வருவதில்லை. அவர்களுக்கென்று தனியாக 45 பேரிடம் சோதிக்க வேண்டும். சாதாரண பி.பி. உள்ளவர்கள் 15, கர்ப்பகால ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் 15, ப்ரீஎக்லாம்ப்சியா உள்ளவர்கள் 15. கூடுதல் செலவு என்பதால் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் இந்தக் கட்டத்துக்குப் போவதே இல்லை. ஆனாலும் பெட்டியில் ‘மருத்துவரீதியில் சோதிக்கப்பட்டது’ என்று போட்டுக்கொள்ளலாம், பொய்யும் இல்லை. கர்ப்பிணிகளிடம் சோதிக்கப்பட்டதா, ப்ரீஎக்லாம்ப்சியா உள்ளவர்களிடம் சோதிக்கப்பட்டதா என்ற இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். க்ரேடில் கருவியின் அளவீட்டு முறை இரண்டிலும் சோதிக்கப்பட்டது. பி.பி. தாழ்ந்த கர்ப்பிணிகளிடமும் பார்த்திருக்கிறார்கள், அது அரிது.

இனி கருவியைக் கையில் எடுப்போம். காற்றடிக்க மோட்டார் கிடையாது. ரப்பர் பல்பைக் கையால் அழுத்த வேண்டும். முதலில் பார்க்கிறவர்களுக்கு இது பழைய காலத்துப் பின்னடைவு போலத் தோன்றும். தானியங்கிக் கருவியில் மின்சாரத்தை அதிகம் தின்பது மோட்டார்தான். சீக்கிரம் பழுதாவதும் அதுதான். அதை எடுத்துவிட்டதால் ஒரு சார்ஜில் நாள் கணக்கில் ஓடுகிறது. சார்ஜ் செய்யச் சாதாரண மைக்ரோ யூ.எஸ்.பி. ஃபோன் சார்ஜர் போதும். பேட்டரிக் கட்டை வாங்கும் தொல்லை இல்லை என்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். சுகாதார நிலையங்களில் பி.பி. கருவி அலமாரிக்குள் போய் உட்கார்வதற்குப் பாதி சமயம் காரணம் தீர்ந்துபோன பேட்டரிதான்.

அளக்கும் முறையில் புதுமை எதுவும் இல்லை. தவறுகளும் பழையவையே. பெண் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். கால் தரையில் பதிந்திருக்க வேண்டும், காலின் மேல் கால் போடக் கூடாது, பேசக் கூடாது, சிறுநீரை அடக்கிக்கொண்டு இருக்கக் கூடாது. கை இதயத்தின் மட்டத்தில் தாங்கலோடு இருக்க வேண்டும். கை 10 செ.மீ. கீழே தொங்கினால் எண் சுமார் 7 கூடும், அதே அளவு மேலே போனால் 7 குறையும். மடியில் கையை வைத்துப் பார்த்தே ‘மஞ்சள்’ ஆக்கப்பட்டவர்கள் உண்டு. இதற்கு நேர் எதிரான தவறு பிரசவ வார்டுக்கே உரியது. பெண் இடதுபுறம் ஒருக்களித்துப் படுத்திருப்பார். பட்டையைச் சுற்றச் சௌகரியமாக மேலே இருப்பது வலது கை. அது இதயத்துக்கு 15 செ.மீ. மேலே இருந்தால் 11 குறைத்துக் காட்டும். 165 உள்ளவர் 154 ஆகி, சிவப்பு மஞ்சளாகிவிடும். உட்காரவைக்க முடியாவிட்டால் கீழே இருக்கும் இடது கையில் பாருங்கள். மல்லாக்கப் படுக்கவைத்துப் பார்ப்பதும் சரியில்லை. 20 வாரத்துக்குப் பிறகு கருப்பை பெரிய ரத்தக்குழாய்களை அழுத்தி பி.பி.யை இறக்கிவிடும்.

பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2 முதல் 3 செ.மீ. மேலே, துணியில்லாத கையில், இரண்டு விரல் நுழையும் இறுக்கத்தில். ரவிக்கைக் கையை மேலே சுருட்டினால் அதுவே இன்னொரு பட்டையாகி இறுக்கும். ஒரு தோளிலிருந்து இறக்கிவிடச் சொல்வதே சரி, அதற்கு ஒரு திரையோ மறைப்போ தேவை. கூட்டமான கர்ப்பிணிப் பரிசோதனை நாட்களில் இந்த மறைப்பு இல்லாததாலேயே துணிமேல் பட்டை சுற்றப்படுகிறது. கருவியைக் குறை சொல்வதற்கு முன் இதைச் சரிசெய்ய வேண்டும். பட்டையின் அளவும் அப்படித்தான். மேற்கையின் நடுவில் சுற்றளவை நாடாவால் அளந்து பாருங்கள். இந்த நிறுவனத்தின் மீடியம் பட்டை 22 முதல் 32 செ.மீ. வரைக்கும், லார்ஜ் 32 முதல் 42 வரைக்கும். பருத்த கையில் சின்னப் பட்டை போட்டால் எண் கூடும். மெலிந்த கையில் பெரிய பட்டை போட்டால் குறையும். ஒரே அளவை எல்லோருக்கும் சுற்றும் இடத்தில் விளக்கின் நிறத்துக்கு அர்த்தமே இல்லை. கருவி வாங்கும்போதே இரண்டு அளவையும் சேர்த்து வாங்கிவிடுங்கள், பிறகு யாரும் வாங்குவதில்லை.

காற்றை எதிர்பார்க்கும் மேல் அழுத்தத்தைவிட 40 அதிகமாக ஏற்ற வேண்டும். போதாவிட்டால் கருவி மறுபடி அழுத்தச் சொல்லும். அப்போது பாதியில் நின்று அழுத்துவதைவிட, காற்றை முழுக்க இறக்கி ஒரு நிமிடம் விட்டுப் புதிதாகத் தொடங்குவது நல்லது. காற்று தானாக மெல்ல இறங்கும். அந்த நேரத்தில் கையை அசைப்பதோ, பிரசவ வலி ஏறி இறங்குவதோ, நடுக்கமோ இருந்தால் வரும் எண்ணை நம்ப வேண்டாம். வலி அடங்கிய இடைவெளியில் பாருங்கள். வலிப்பு வந்துகொண்டிருக்கும்போது இதைத் தேடி ஓடுவது வீண் வேலை. மூச்சுப்பாதையைக் கவனித்துவிட்டு அடங்கிய பின் அளக்கலாம். முதல் அளவீட்டில் மஞ்சளோ சிவப்போ வந்தால் ஒரு நிமிடம் கழித்து இன்னொரு தடவை. சிவப்பு மேல் அம்பு என்றால் 15 நிமிடத்துக்குள் உறுதிசெய்து மருந்துக்குப் போய்விட வேண்டும். ‘சாயந்திரம் மறுபடி பார்க்கலாம்’ என்பதற்கு இடமில்லை.

விளக்கு ஏமாற்றும் இடங்கள் இருக்கின்றன. இவற்றை நிறுவனத்தின் பயிற்சிச் சுவரொட்டியைவிட விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும்.

முதலாவது, பச்சை பொய் சொல்லும் நேரம். பிரசவத்துக்கு முன் 168/112 இருந்த பெண் உதிரப்போக்கில் 124/82க்கு இறங்குகிறார், நாடி 106. வகுத்தால் 0.85. பச்சை எரியும், வார்டே நிம்மதி அடையும். உண்மையில் மேல் அழுத்தம் 44 விழுந்திருக்கிறது. ரத்தக்கொதிப்பும் உதிரப்போக்கும் ஒரே உடம்பில் சேரும்போது ஒன்றை ஒன்று மறைத்து, கருவிக்கு எல்லாம் சரியாகத் தெரியும். இதற்குத் தீர்வு கருவியில் கிடையாது. முந்தைய எண்ணைப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கும் தாளில்தான் இருக்கிறது. விளக்கு வந்துவிட்டது என்று எண்ணை எழுதுவதை நிறுத்திய இடங்களில் இந்த ஆபத்து இரட்டிப்பு. நிறத்தை மட்டும் பதிவேட்டில் குறிப்பது மோசமான பழக்கம்.

பி.பி.யைக் குறைக்க லேபெட்டலால் கொடுக்கப்பட்ட பெண்ணிடமும் எச்சரிக்கை தேவை. அந்த மருந்து நாடியை ஓடவிடாது. ரத்தம் போனாலும் நாடி 80லேயே நிற்கலாம், விகிதம் ஏறாது. இன்னொரு பி.பி. மருந்தான நிஃபெடிபின் இதற்கு நேர்மாறு. பி.பி. 165லிருந்து 120க்கு வந்து, நாடி 110க்கு ஏறினால் விகிதம் 0.92. ஒரு மணி நேரத்துக்கு முன் மேல் அம்பு காட்டிய கருவி இப்போது கீழ் அம்பு காட்டும். உதிரப்போக்கு எதுவும் இல்லாமலேயே. கருவி பழுது என்று முடிவுகட்டி மூலையில் வைத்துவிடுவார்கள். கொடுத்த மருந்தும் நேரமும் பதிவில் இருந்தால் குழப்பமே இல்லை.

ரத்தசோகை பரவலாக உள்ள இடங்களில் மஞ்சள் கீழ் அம்பு அடிக்கடி வரும். 98/60, நாடி 90 என்பது ரத்தம் குறைந்த, ஒல்லியான இளம் கர்ப்பிணிக்குச் சாதாரண எண், விகிதம் 0.92. காய்ச்சலும் நாடியை ஏற்றும். இந்த மஞ்சள்களை ‘தவறான எச்சரிக்கை’ என்று தள்ளிவிடுவதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. ரத்தசோகை உள்ள பெண் பிரசவத்தில் சற்றே ரத்தம் இழந்தாலும் தாங்கமாட்டார். பிரசவத்துக்குப் பிந்தைய காய்ச்சலுக்குப் பின்னால் இருக்கக்கூடிய நோய்த்தொற்று தாய்மார்களைக் கொல்லும் பெரிய காரணங்களில் ஒன்று. கண் இமையைப் பாருங்கள், வெப்பமானியை வையுங்கள், ஹீமோகுளோபின் பாருங்கள். என்றாலும் நாளொன்றுக்குப் பத்து மஞ்சள் எரியும் இடத்தில் பதினோராவது மஞ்சளை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்பதும் நிஜம். மஞ்சள் கீழ் அம்புக்கு என்ன செய்வது என்று இரண்டு வரியில் எழுதி ஒட்டி வைத்தால்தான் இந்தச் சலிப்பைச் சமாளிக்க முடியும்.

கருவிக்குக் கண்ணும் காதும் இல்லை. கடுமையான தலைவலி, கண்முன் பூச்சி பறப்பது, மேல் வயிற்று வலி, முகத்தில் திடீர் வீக்கம் இவை இருந்தால் பச்சை எரிந்தாலும் அந்தப் பெண்ணை அனுப்பிவிடக் கூடாது. சிறுநீரில் புரதம் போகிறதா என்பதை, மக்கள் வழக்கில் ‘உப்பு’ இருக்கிறதா என்பதை, குச்சிச் சோதனைதான் சொல்லும். பிரசவம் முடிந்த பிறகு கருவியை மடித்து வைக்கும் வழக்கமும் சரியல்ல. பி.பி. உச்சத்துக்குப் போவது பெரும்பாலும் பிரசவமாகி மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள். அந்த நேரத்தில் பெண் வீட்டில் இருப்பார், எல்லோரும் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இத்தனை ஓட்டைகளோடு இதை ஏன் பரிந்துரைக்கிறோம் என்றால், மருத்துவக் கருவி விமர்சனங்களில் வழக்கமாக யாரும் தொடாத ஒரு விஷயத்துக்காக. பிரசவ வார்டிலும் கிராமத்திலும் பி.பி. பார்ப்பவர் யார்? அநேகமாக ஒரு பெண். அந்த அமைப்பிலேயே சம்பளமும் அதிகாரமும் குறைந்தவர். ‘டாக்டர், பி.பி. கொஞ்சம் ஏறியிருக்கு’ என்று அவர் இரவு இரண்டு மணிக்கு ஃபோன் செய்தால், ‘சரியாப் பார்த்தியா? மறுபடி பாரு’ என்ற பதில் வரும். எண்ணைப் புரிந்துகொள்ளும் உரிமை மருத்துவருடையது என்றும், எண்ணை வாசிப்பது மட்டுமே இவர் வேலை என்றும் எழுதாத விதி ஒன்று இருக்கிறது. ‘சிவப்பு எரியுது டாக்டர், ரெண்டு தடவை பார்த்தாச்சு’ என்பது வேறு வகை வாக்கியம். அதில் இவருடைய அபிப்பிராயம் எதுவும் இல்லை. மறுப்பவர் கருவியை மறுக்க வேண்டும், மறுத்த நேரம் பதிவேட்டில் ஏறும். வீட்டிலும் இதே கதை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது பல வீடுகளில் அந்தப் பெண் இல்லை; மாமியாரும் கணவரும். அவர்களிடம் 164/112 என்றால் ஒன்றும் நகராது. சிவப்பு விளக்குக்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

ஆனால் விளக்கு குரல் கொடுக்கும், செவி கொடுக்காது. அதற்கான ஆதாரம் இந்தக் கருவியின் சொந்தச் சோதனையிலேயே இருக்கிறது. 2016 ஏப்ரல் முதல் 2017 நவம்பர் வரை எத்தியோப்பியா, ஹைத்தி, இந்தியா, மலாவி, சியரா லியோன், உகாண்டா, ஜாம்பியா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் 10 பகுதிகளில் நடந்த ஆய்வு அது; 5,36,233 பிரசவங்கள். கருவி வருவதற்கு முன் 10,000 பிரசவங்களுக்கு 79.4 ஆக இருந்த தாய் மரணம், வலிப்பு, அவசரமாகக் கருப்பையை எடுத்தல் ஆகிய மூன்றின் கூட்டுத்தொகை, வந்த பின் 72.8 ஆனது. எட்டு சதவீதம் குறைவு. பகுதிக்குப் பகுதி, மாதத்துக்கு மாதம் இருந்த ஏற்ற இறக்கங்களைக் கழித்துப் பார்த்தபோது அந்தக் குறைவு கருவியால் வந்தது என்று சொல்ல முடியவில்லை. பலனா பாதிப்பா என்று தீர்ப்புச் சொல்ல இயலாது என்றே ஆய்வாளர்கள் எழுதினார்கள். விற்பனைத் தாள்களில் எட்டு சதவீதம் மட்டும் வந்தால், மீதி வாக்கியத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது 2023இல் வெளிவந்த ஈமோட்டிவ் ஆய்வு. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவில் 80 மருத்துவமனைகள். அங்கே கருவி என்று சொல்லத்தக்கது பிரசவமான பெண்ணுக்கு அடியில் விரிக்கும், அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. விளக்கும் இல்லை, சிப்பும் இல்லை. ரத்தம் கோட்டைத் தொட்டவுடன் செய்ய வேண்டிய சிகிச்சைகள் எல்லாவற்றையும் ஒரே கட்டாகச் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை: கருப்பையை நீவிவிடுதல், கருப்பையைச் சுருக்கும் மருந்து, ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம், நரம்புவழி திரவம், காரணத்தைத் தேடும் பரிசோதனை, தேவைப்பட்டால் மேல்சிகிச்சை. கடுமையான உதிரப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறக்கும் அறுவை, உதிரப்போக்கால் மரணம் ஆகியவற்றின் கூட்டு வழக்கமான சிகிச்சை நடந்த இடங்களில் 4.3 சதவீதம், இங்கே 1.6. விரிப்பு க்ரேடிலைவிட நல்ல கருவி என்று இதற்கு அர்த்தம் இல்லை. இரண்டும் வேறு வேறு விளைவுகளை அளந்தவை. விரிப்பு தனியாக வரவில்லை, கையோடு சிகிச்சையையும் கட்டிக்கொண்டு வந்தது என்பதுதான் வித்தியாசம்.

ஆகவே க்ரேடிலை வாங்கும் மருத்துவமனையோ அமைப்போ கருவிக்கு ஒதுக்கும் பணத்துக்குச் சமமாக விளக்கு எரிந்த பிறகு நடக்க வேண்டியவற்றுக்கும் ஒதுக்க வேண்டும். சிவப்பு மேல் அம்புக்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. வாய்வழி மாத்திரையே வேலை செய்யும். நிஃபெடிபின், லேபெட்டலால், மெதில்டோபா மூன்றையும் ஒப்பிட்டு 2019இல் வெளியான நாக்பூர் ஆய்வில் பெரும்பாலான பெண்களுக்கு மாத்திரையாலேயே பி.பி. கட்டுக்குள் வந்தது, நிஃபெடிபின் சற்று முன்னால் நின்றது. வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்ஃபேட். மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் முதல் டோஸையாவது கொடுத்து அனுப்ப வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை: நரம்பில் 4 கிராம், ஒவ்வொரு புட்டத்திலும் ஆழமாக 5 கிராம், ஆக 14 கிராம். தடுமாற்றம் நடப்பது கரைக்கும் இடத்தில். 50 சதவீத மருந்தில் 8 மில்லி எடுத்து 12 மில்லி நீர் சேர்த்தால் 20 மில்லியில் 4 கிராம், 20 சதவீதக் கரைசல். இதைத்தான் நரம்பில் மெதுவாக, ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் செலுத்த வேண்டும். தசை ஊசிக்கு 50 சதவீத மருந்தை அப்படியே ஒவ்வொரு பக்கமும் 10 மில்லி. இரண்டையும் மாற்றிப் போட்டுவிடுவோமோ என்ற பயத்திலேயே பல இடங்களில் மருந்து அலமாரியில் காலாவதியாகிறது. முழங்கால் அனிச்சை இருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறையாமல் இருக்கிறதா, சிறுநீர் போகிறதா என்று பார்த்துக்கொண்டு, மக்னீசியம் அதிகமானால் அதை முறிக்கும் மருந்தான கால்சியம் குளூகோனேட் 1 கிராமைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பயத்துக்கு இடமில்லை. கரைக்கும் கணக்கை எழுதி, மருந்து, சிரிஞ்சு எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டு, அந்த டப்பாவைக் கருவியோடு சேர்த்தே வையுங்கள்.

மருத்துவர் வரும்வரை காத்திராமல் முதல் டோஸைக் கொடுக்கச் செவிலியருக்கு எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். சிவப்பு என்று ஃபோன் வந்தால் யார் எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் அடுத்து யாருக்கு, வண்டி யார் பொறுப்பு என்பதும் தாளில் இருக்க வேண்டும். இந்தத் தாள் இல்லாத இடத்தில் கருவியை வாங்கிக் கொடுப்பது, ஆபத்தைப் பார்க்கும் சுமையை மட்டும் கீழே உள்ள பெண்ணின் தலையில் ஏற்றிவிட்டு அதிகாரத்தை மேலேயே வைத்துக்கொள்வதாகும்.

பராமரிப்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதலில் போவது ரப்பர் குழாயும் பட்டையின் ஒட்டும் பட்டியும். காற்று ஏறிய வேகத்தில் இறங்கினாலோ அடிக்கடி பிழை காட்டினாலோ குழாய் இணைப்பையும் வெடிப்பையும் பாருங்கள். பட்டை பாதியில் பிரிந்துகொண்டால் புதிதுதான். உதிரம் பட்ட பட்டையைக் கிருமிநாசினியால் துடைக்கலாம். உள்ளே இருக்கும் காற்றுப்பையில் நீர் புகக் கூடாது, குழாயின் வாயை மூடிவிட்டுத் துடையுங்கள். ஆண்டுக்கு ஒரு தடவையாவது அழுத்தமானியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். விளக்கு எரிவதாலேயே கருவி சரியாக இருக்கிறது என்று எண்ணுவது மனித இயல்பு. 8 கூடவோ குறையவோ காட்டும் கருவியிலும் விளக்கு அதே பிரகாசத்தில்தான் எரியும்.

வீட்டில் பி.பி. பார்த்துக்கொள்ள விரும்பும் கர்ப்பிணிக்கு இது தேவையா? எங்கள் பதில், கட்டாயம் இல்லை. தன் கையிலேயே பட்டையைச் சுற்றி, தானே பல்பை அழுத்தி அளக்கும்போது அந்தத் தசை உழைப்பே எண்ணை ஏற்றிவிடும். கர்ப்பிணிகளிடம் சோதிக்கப்பட்ட, தானாகக் காற்றேற்றும் மேற்கைக் கருவி நல்லது. ஸ்ட்ரைட் பி.பி. என்ற சர்வதேசப் பட்டியலில் கர்ப்பத்துக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. மாடல் எண்ணை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு வாங்குங்கள், ஒரே நிறுவனத்தின் அடுத்த மாடல் சோதிக்கப்படாததாக இருக்கலாம். மணிக்கட்டில் கட்டும் கருவியும் பி.பி. காட்டுவதாகச் சொல்லும் கைக்கடிகாரமும் வேண்டாம். வாங்கியதை அடுத்த பரிசோதனைக்குக் கொண்டுபோய், ஆஸ்பத்திரியில் பார்க்கும் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வண்ண விளக்கு இல்லாத கருவி என்றால் 140/90, 160/110 என்ற இரண்டு எண்களையும், எந்த எண் வந்தால் யாருக்கு ஃபோன் செய்வது என்பதையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கருவியின் முதுகில் ஒட்டிக்கொள்ளலாம்.